குடியிருப்பும் பிழைப்பும் ஓரிடத்தில்: வடபழனி வட்டாரம் தரும் நகரமைப்புப் பாடம்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் கல்வெட்டுகளில் மட்டும் தேட வேண்டுவதில்லை. வீடு எங்கே, வயல் எங்கே, கிணறு எங்கே, கோயில் எங்கே, எந்தத் தெருவில் யார் குடியிருந்தனர் என்பவற்றை அறிந்தாலே, அவ்வூர் மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு மதித்தனர் என்பது தானே விளங்கிவிடும். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் நகரமைப்பைப் பற்றி எழுத முற்பட்டதன் காரணம் இதுவே. கல்விக்கும் நகரமைப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். பிள்ளையின் வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தொலைவு, தாயின் வீட்டிலிருந்து வேலை எவ்வளவு தொலைவு என்னும் இரண்டு அளவுகளைப் பொறுத்தே ஏழைப் பிள்ளைகள் பலரின் படிப்பு தொடர்கிறது, அல்லது நின்றுபோகிறது. இஃது ஆசிரியர் அனைவரும் அறிந்த உண்மை.

இந்நாளைய நகரமைப்பு வல்லுநர்கள் கலப்புப் பயன்பாட்டுக் குடியிருப்பு என்னும் கருத்தைப் பெரிதும் போற்றுகின்றனர். வீடு, கடை, தொழிற்கூடம், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, பேருந்து நிறுத்தம் ஆகியவை யாவும் நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைய வேண்டும். நீரும் நிலமும் கெடாமல் அப்பகுதி நெடுங்காலம் நிலைத்திருக்க வேண்டும் என்பது அக்கருத்தின் சாரம். நல்ல கருத்தே. ஆயினும் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. அந்த நடை தூரத்துக்குள் குடியிருக்கும் உரிமை யாருக்கு? வடபழனியையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் சேரியும்

நம் நாட்டுச் சிற்றூர்கள் ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. வயலோ வாய்க்காலோ இடையில் எல்லையாக நின்றது. உழைப்பவன் விடியற்காலையில் ஊர் நிலத்துக்கு வருவான். அந்தி சாயும்போது சேரிக்குத் திரும்புவான். உழைப்புக் கலக்கலாம், குடியிருப்புக் கலக்கலாகாது என்பது அவ்வமைப்பின் விதி. இவ்விதியை எந்தப் பொறியாளரும் தாளில் வரைந்து தரவில்லை. ஆயினும் அச்சிட்ட வரைபடங்களைவிட அஃது உறுதியாக நின்றது.

உழைப்பாளியின் குடிசை நின்ற மண்ணும் அவனுக்கு உரியதாக இல்லை. இன்று வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் என்று வழங்கும் இடங்கள் யாவும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர்ப் பகுதிகள். அம்மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை நம் சமுதாய வரலாற்றில் முதன்மையான ஆவணம் ஆகும். தாழ்த்தப்பட்டோர் தரிசு நிலம் கேட்டு மனுச் செய்தால், மிராசுதார்கள் அவர்களைக் குடியிருக்கும் மனையிலிருந்தே வெளியேற்றிவிட முடியும் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அவ்வறிக்கையின் விளைவாக 1892இல் பிறந்த அரசாணைகளே பின்னாளில் பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் நில ஒப்படைக்கு வழி செய்தன. 1920களில் தொழிலாளர் துறையின் வாயிலாக ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனை வழங்கும் பணி நடைபெற்றது. குடியிருக்கும் மனையில் உரிமை இல்லாதவன் கூலிக்கும் குரல் எழுப்ப இயலாது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் துணிய மாட்டான் என்பது அன்றே உணரப்பட்ட உண்மை.

வரைபடம் வந்த காலம்

நகரங்களைத் திட்டமிட்டு அமைக்கும் கலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1915இல் தம் நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னையில் நடத்தினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல், மக்களை அலைக்கழிக்காமல், சிறு சிறு திருத்தங்களால் சீர் செய்ய வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதனையடுத்து மாம்பலத்து நெட்டேரியின் நீர்ப்பரப்பைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு அகன்ற சாலைகள் விரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் அச்சாலைகளுக்குச் சூட்டப்பட்டன. அழகிய நகர்தான். ஆயினும் மனை வாங்கப் பணமுள்ளோர்க்கே அதில் இடம் கிடைத்தது. அவர்கள் வீட்டைக் கட்டியவர்க்கும், பாத்திரம் துலக்கியவர்க்கும், சாக்கடை தூர்த்தவர்க்கும் ஒதுங்கக் கிடைத்தவை கால்வாய்க் கரைகளும் புறம்போக்குகளுமே.

1929இல் அமெரிக்க அறிஞர் கிளாரன்ஸ் பெரி அண்டைக் குடியிருப்பு என்னும் அமைப்பை வகுத்தளித்தார். ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போதுமான மக்கள், ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம், நடுவில் பள்ளி, ஓரங்களில் கடைகள், வெளி எல்லையில் பெருஞ்சாலை. எந்தப் பிள்ளையும் கால் மைல் தொலைவுக்குள் நடந்தே பள்ளி சேரலாம். பள்ளியை நடுவில் வைத்து ஊரை வகுத்த இக்கருத்து, ஆசிரியன் என்னும் முறையில் எனக்கு மிகவும் உகந்ததாகும். ஆனால் இதே போன்ற கருத்துகளைத் தழுவி அமெரிக்காவில் எழுந்த குடியிருப்புகளில் என்ன நிகழ்ந்தது? 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் என்னும் புகழ்பெற்ற புதுநகரில் கறுப்பின மக்கள் குடியேறக் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. போரில் அந்நாட்டுக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய கறுப்பின வீரனுக்கும் அங்கே வீடில்லை. தெருவை நேராக்கும் வரைபடம் மனத்தைத் தானாக நேராக்கிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தானே வளர்ந்த வடபழனி

வடபழனி எவராலும் திட்டமிட்டு அமைக்கப்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் அடியவர் அமைத்த ஓலைக் கொட்டகையே இன்றைய முருகன் கோயிலின் தொடக்கம் என்பர். 1946இல் புலியூர், கோடம்பாக்கம், சாலிகிராமம் முதலிய ஊர்கள் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. 1948இல் ஏ.வி.மெய்யப்பன் தம் படநிலையத்தைக் காரைக்குடியிலிருந்து இங்கே கொண்டுவந்தார். வாகினி படநிலையமும் அதே காலத்தில் எழுந்தது. அதன்பின் ஆற்காடு சாலையின் இருமருங்கும் ஒரு புதுவகை ஊர் உருவாயிற்று.

படநிலையம் என்றால் நடிகர்களை மட்டும் எண்ணுகிறோம். அரங்கம் அமைக்கும் தச்சர், வண்ணம் பூசுவோர், விளக்குத் தூக்குவோர், உடை தைப்போர், வெளுப்போர், சமையற்காரர், காவற்காரர் எனப் பல்லாயிரவர் அதனைச் சார்ந்து பிழைத்தனர். அதிகாலையில் படப்பிடிப்புக்குச் சென்று நள்ளிரவில் திரும்புவோர்க்குப் பேருந்து கிடையாது. ஆகவே அவர்கள் நடந்து செல்லும் தொலைவிலேயே குடியிருந்தனர். அவர்களுக்காக உணவு விடுதிகளும், தங்கும் அறைகளும், தையற்கடைகளும், மருந்துக்கடைகளும் தோன்றின. மேல்மாடியில் வீடு, கீழே கடை, பின்கட்டில் பட்டறை என்று தெருக்கள் அமைந்தன. இன்று நூல்களில் போற்றப்படும் கலப்புப் பயன்பாடு, வாழ்க்கைத் தேவையின் பொருட்டு இங்கே இயல்பாகவே நிகழ்ந்தது.

ஆனால் இயல்பாக வளர்ந்தது இயல்பாகவே கைநழுவியும் போகும். நிலத்தின் விலை ஏற ஏற, படநிலைய வளாகங்கள் ஒவ்வொன்றாக வேறு பயனுக்கு மாறின. விஜயா வாகினி வளாகத்தில் 1972இல் மருத்துவமனை எழுந்தது. 2013இல் பெரும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. 2015 ஜூன் திங்களில் வடபழனிக்கு மெட்ரோ ரயில் வந்தது. வசதிகள் பெருகின என்பதில் ஐயமில்லை. வசதி பெருகிய இடத்தில் வாடகையும் பெருகியது. மனைப்பட்டா இல்லாமல் வாடகைக்கு இருந்த உழைப்பாளிக் குடும்பங்கள் பலவற்றை, அவர்கள் உழைப்பால் வளர்ந்த ஊரே வெளியே தள்ளியது. வாடகை தர வல்லவர்க்கும் தொல்லை நீங்கவில்லை. வீடு பார்க்கச் செல்லும் நம்மவரிடம் வாடகையைச் சொல்லுமுன் சாதியை உசாவும் வழக்கம் இம்மாநகரில் இன்னும் மறையவில்லை.

வாரியங்களின் காலம்

1961இல் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அமைந்தது. வடபழனிக்குத் தெற்கே 1960களில் அசோக் நகரும், 1970களில் கலைஞர் கருணாநிதி நகரும் அதனால் உருவாக்கப்பட்டன. அகன்ற சாலைகள், பூங்காக்கள், கடைத்தொகுதிகள், பேருந்துப் பணிமனை, தொழிலாளர் அரசு ஈட்டுறுதி மருத்துவமனை ஆகியவற்றோடு கலைஞர் நகர் அமைந்தது. உயர் வருவாய், நடுத்தர வருவாய், குறைந்த வருவாய் என மூவகையினர்க்கும் ஒரே நகரில் வீடு கட்டியது பாராட்டத்தக்கது. எனினும் தவணை முறையில் வீடு பெற நிலையான மாத வருவாய் வேண்டும். நாட்கூலி பெறுவோர்க்கு அக்கதவு எளிதில் திறக்கவில்லை.

அவர்களுக்கென 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு என்பது அதன் தொடக்ககால நெறி. கடற்கரைக் குப்பங்கள் முதல் நகரின் உட்பகுதிகள் வரை இவ்வாறு எழுந்த குடியிருப்புகளால், வேலையிலிருந்து விலக்கப்படாமலேயே மக்கள் மழைக்கும் தீக்கும் அஞ்சாத கூரை பெற்றனர். இவ்வாரியமே 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. 1975இல் சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் வந்தது. அதில் கலப்புக் குடியிருப்பு என்றொரு நிலப்பிரிவும் இடம்பெற்றது. வீடும் கடையும் கலந்திருக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. மனிதரும் கலந்திருக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அதில் இல்லை.

அரும்பாக்கம் காட்டிய வழி

அக்குறையை ஓரளவு நிறைவு செய்த முயற்சி, வடபழனியிலிருந்து நூறடிச் சாலையில் வடக்கே சிறிது தொலைவு சென்றால் காணத்தக்கது. உலக வங்கியின் கடனுதவியோடு 1977இல் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில், மனையும் அடிப்படை வசதிகளும் வழங்கும் புது முறை கையாளப்பட்டது. பேருந்தில் இன்றும் எம்.எம்.டி.ஏ. காலனி என்று கூறி இறங்குகிறோமே, அக்குடியிருப்பு இவ்வாறு பிறந்ததே.

இம்முறையின் இயல்பைச் சற்று விளக்குவது நலம். அரசு முழு வீட்டைக் கட்டித் தருவதில்லை. மனையை அளந்து, சாலை, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றை அமைத்து, கழிப்பறையும் அதனையொட்டிய சிறு கட்டுமானமும் தந்து, எஞ்சியதைக் குடும்பமே தன் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள விடுகிறது. இன்று ஓர் அறை. மகன் வேலைக்குச் சென்றபின் இன்னோர் அறை. மகள் திருமணத்துக்கு முன் மாடி. ஏழையின் வீடு எப்போதும் இவ்வாறுதான் வளர்கிறது.

மனைகளில் மிகுதியானவை நலிந்த பிரிவினர்க்கென மிகச் சிறிய அளவில் வகுக்கப்பட்டன. அதே குடியிருப்பில் பெரிய மனைகளும், கடைகளுக்கான மனைகளும் அமைக்கப்பட்டுச் சந்தை விலைக்கு விற்கப்பட்டன. அவ்வருவாயைக் கொண்டு சிறு மனைகளின் விலை குறைக்கப்பட்டது. செல்வரின் மனை ஏழையின் மனைக்குக் கைகொடுத்தது. இருவரும் ஒரே நகரில் அண்டை அயலாராயினர். பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் சிறு தொழிலுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பேருந்துப் போக்குவரத்தின் மேம்பாடும் அத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. வீட்டையும், வேலையையும், நீரையும், பேருந்தையும் ஒருங்கே எண்ணிய திட்டம் அது.

தொடக்கத்தில் இதனைக் குறை கூறினோர் பலர். மனைகள் காலியாகக் கிடக்கின்றன, வீடுகள் அரைகுறையாக நிற்கின்றன என்றனர். 1990களில் உலக வங்கியும் இம்முறையைக் கைவிட்டது. ஆனால் சென்னையிலும் மும்பையிலும் இத்தகைய குடியிருப்புகளை ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து மீண்டும் ஆய்ந்த ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி என்னும் ஆய்வாளர்கள், 2018இல் வெளியிட்ட கட்டுரையில் வேறு முடிவைக் கூறினர். தோல்வி என்று ஒதுக்கப்பட்டவை உண்மையில் வெற்றியே என்பது அவர்கள் கண்ட முடிவு. பல வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும், கடையும் தொழிலும் நிறைந்த, உயிர்ப்புள்ள நகர்ப்பகுதிகளாக அவை வளர்ந்திருந்தன. சிறு மனைகளைச் சிலர் விற்றுச் சென்றதும் உண்மை. விற்றவரும் விலை பெற்றே சென்றனர்; துரத்தப்படவில்லை. 1996இல் அருகிலேயே கோயம்பேடு மொத்த விற்பனை அங்காடி வந்தபோது, சுமை தூக்குவோர்க்கும் சிறு வணிகர்க்கும் நடை தூரத்தில் பிழைப்பு வாய்த்தது. உரிமையோடு கூடிய மனை, வேலைக்கு அருகில் இருக்குமாயின், ஒரு குடும்பம் எவ்வாறு தலையெடுக்கும் என்பதற்கு அரும்பாக்கம் கண்கூடான சான்றாகும்.

தொலைவு என்னும் தண்டனை

இவ்வழியை விட்டு நகரம் வேறு வழியில் சென்றது. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், அதன்பின் செம்மஞ்சேரியிலும், பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான அடுக்ககங்கள் எழுந்தன. மாநகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலும் அதற்கப்பாலும் உள்ள இவ்விடங்களுக்கு, ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் கொண்டுசெல்லப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் இப்பணி விரைவு பெற்றது. கூரை உறுதியானது, பிழைப்பு அறுந்தது. காலையில் நான்கு வீடுகளில் வேலை செய்து பத்து மணிக்குத் தன் வீடு திரும்பிய தாய், பேருந்துச் செலவுக்கே கூலியின் ஒரு பகுதியைத் தர வேண்டியதாயிற்று. ஒரே நிலையிலுள்ள ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்து, நகரிலிருந்து விலக்கி வைக்கும் இவ்வமைப்பு, வயலுக்கு அப்பால் சேரியை வைத்த பழைய விதியின் மாடிக்கட்டட வடிவம் என்று கூறினால் தவறாகுமா?

நான் பணியாற்றிய பள்ளியொன்றில், கல்வியாண்டின் நடுவில் இவ்வாறு ஒரு குடிசைப் பகுதி அகற்றப்பட்டது. அரையாண்டுத் தேர்வுக்கு வந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் விடுமுறைக்குப் பின் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த பெற்றோர் சிலர். கேளாமலேயே மறைந்த பெயர்கள் பல. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடிடுவதன்றி நாங்கள் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை. அவருள் எவர் படிப்பைத் தொடர்ந்தார், எவர் கூலி வேலைக்குச் சென்றார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

2022ஆம் ஆண்டு மே திங்களில் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அங்கிருந்து அகற்றப்பட்டோர்க்கு அண்மையிலுள்ள மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று அதன்பின் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அருகிலேயே இடம் தர இயலும் என்பது ஓர் உயிர் போன பின்னர்த்தான் ஒப்புக்கொள்ளப்பட வேண்டுமா என்பது நம் நெஞ்சை வருத்தும் வினா.

நீர்நிலையும் நீதியும்

இத்தகைய அகற்றல்களுக்குக் கூறப்படும் காரணம் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்பதாகும். நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. விருகம்பாக்கம், அரும்பாக்கம் வழியே செல்லும் கால்வாய் அடைபட்டால் முதலில் நனைவது தாழ்வான தெருவிலுள்ள ஏழையின் பாய்தான். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது நற்பணியே. ஆனால் தியாகராய நகர் நின்றது ஏரியில். 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நின்றதும் ஏரி நிலத்தில். ஏரியைத் தூர்த்த பெரியோர் நகரமைப்பாளர் எனப்பட்டனர். கால்வாய்க் கரையில் ஓலை வேய்ந்தவன் ஆக்கிரமிப்பாளன் எனப்பட்டான். நீரைக் காக்கும் சட்டம் அனைவர்க்கும் ஒன்றாக நின்றாலன்றி அது நெடுநாள் நிலைக்காது.

நாம் கேட்க வேண்டியவை

நெடுங்காலம் நிலைக்கும் ஒரு குடியிருப்புக்கு இன்றியமையாதவை எவை என்பதை இவ்வரலாற்றிலிருந்தே தொகுத்துக் கூறலாம். முதலாவது, பெண்கள் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ உரிமை ஆவணம். இரண்டாவது, பெரிய மனையும் சிறிய மனையும் ஒரே வரைபடத்தில் கலந்திருத்தல். மூன்றாவது, பிழைப்பும் பள்ளியும் மருத்துவமும் நடை தூரத்தில் அமைதல். நான்காவது, கீழ்த்தளத்தில் கடையும் பட்டறையும் நடத்த இசைவு. ஐந்தாவது, மழைநீர் செல்லும் வழியை முதலில் வரைந்துவிட்டு அதன்பின் வீட்டை வரைதல்.

இவற்றுள் இரண்டாவதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2008ஆம் ஆண்டின் இரண்டாம் முழுமைத் திட்ட விதிகள், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எழும் குடியிருப்புகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைக் குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீடுகளுக்கென ஒதுக்கப் பணித்தன. அவ்வீடுகள் அதே மனையிலோ, 2 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளோ அமையலாம் எனவும் கூறின. பின்னாளில் இதற்கு ஈடாகக் கட்டணம் செலுத்தும் வழியும் வந்தது. கட்டணம் எங்கேனும் ஒரு வீடாக மாறலாம். அதே தெருவில் வீடாக மாறாது. மெட்ரோ நிலையத்தின் அருகே பல மாடிகள் எழுப்பக் கூடுதல் இசைவு தரும்போதெல்லாம், அம்மாடிகளில் ஒரு பங்கு உழைக்கும் மக்களுக்கு அங்கேயே ஒதுக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். ரயிலை அதிகம் பயன்படுத்த வேண்டியவர் சிற்றுந்து இல்லாதவரே அன்றோ?

முழுமைத் திட்டம் வகுக்கும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்டல் சட்டப்படியான நடைமுறை. அக்கூட்டங்களில் மனை வணிகர் பேசுகின்றனர். குடியிருப்போர் நலச் சங்கங்கள் பேசுகின்றன. நம் மக்களின் குரல் அங்கே ஒலிப்பது அரிது. அறிவிப்பைப் படித்துச் சொல்லவும், வரைபடத்தில் நம் தெரு எந்த வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளது என்று காட்டவும், ஆட்சேபணை எழுதித் தரவும் நம்மிடையே படித்தவர்கள் முன்வர வேண்டும். இஃது இச்சங்கத்தின் இரவுப் பாடசாலைப் பணிக்கும், உதவித்தொகைப் பணிக்கும் சற்றும் குறைந்ததன்று.

நம் பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வர வேண்டும் என்று விரும்புகிறோம்; வரட்டும். அவருள் சிலரேனும் நகரமைப்பும் கட்டடக் கலையும் நில அளவையும் பயில வேண்டும் என்பது இம்மலரின் வாயிலாக நான் பெற்றோர்க்கு விடுக்கும் வேண்டுகோள். எங்கே பள்ளி, எங்கே கழிவுநீர் நிலையம், எங்கே நம் வீடு என்று கோடு கிழிக்கும் கை இதுகாறும் பிறருடைய கையாகவே இருந்து வந்துள்ளது. இச்சங்கம் தன் பொன்விழாக் கொண்டாடும் நாளில், அக்கோட்டை வரையும் மேசையின் முன் நம் மாணவர்களும் அமர்ந்திருக்க வேண்டும்.